கல்லறை மர்மக் கதைக்கு ஒரு பழுதுபார்ப்பாளரின் பதில்

கேள்வி: அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், சவானா நகருக்கு அருகே கைவிடப்பட்ட கல்லறைத் தோட்டம் ஒன்றைச் சீரமைக்கும் பெண்ணைப் பற்றிப் பேய்க்கதைத் தொடர் எழுதிவருகிறேன். அவள் பிளீச் ஊற்றித் தேய்த்ததும் பாசிக்கடியில் மறைந்திருந்த பெயர் தெரிகிறது. அன்றிரவே பெட்டி வடிவக் கல்லறையின் மூடியை நகர்த்திப் பார்க்கிறாள். உள்ளே உடல் இல்லை. மர்மம் இங்கே தொடங்குகிறது. இது நம்பும்படியாக இருக்கிறதா?

பதில்: பெட்டி காலியாக இருப்பதில் மர்மம் ஏதும் இல்லை. நான்கு பக்கமும் செங்கல் அல்லது பளிங்குப் பலகை நிறுத்தி, மேலே ஒரு கனமான கல்லை மூடியாக வைத்துக் கட்டும் அந்த அமைப்பு வெறும் நினைவுச் சின்னம்தான். உடல் அதற்கும் கீழே மண்ணில் இருக்கும். இந்த வேலை தெரிந்த உங்கள் கதாநாயகி அதைத் திறந்து பார்த்துத் திடுக்கிட மாட்டாள். உடல் இருக்க வேண்டிய அறை காலியாக இருப்பதுதான் கதைக்கு வேண்டுமென்றால், சவானாவின் காலனியல் பார்க் கல்லறைத் தோட்டத்தில் இருப்பது போன்ற குடும்ப நிலவறையைப் பயன்படுத்துங்கள். 1750இல் தொடங்கி 1853இல் புதிய அடக்கங்களுக்கு மூடப்பட்ட அந்த இடத்தில், பாதி மண்ணுக்குள் புதைந்த செங்கல் அறைகளில் சவப்பெட்டிகளை வைத்தார்கள். அப்படிப்பட்ட ஓர் அறை காலியாக இருந்தால் யாராக இருந்தாலும் கேள்வி கேட்பார்கள்.

அடுத்தது பிளீச். தயவுசெய்து அதை அவள் கையிலிருந்து பிடுங்கிவிடுங்கள். அதிலுள்ள உப்புகள் பளிங்கின் நுண்துளைகளுக்குள் தங்கி, காயும்போது படிகமாகி, கல்லை உள்ளிருந்தே உடைக்கும். சில ஆண்டுகளில் மேற்பரப்பு சர்க்கரை போல் விரல்பட்டாலே உதிரும். அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவையின் பாதுகாப்புத் தொழில்நுட்ப மையமும் பிளீச் கூடாது என்றே அறிவுறுத்துகிறது. கம்பி பிரஷ், வினிகர், அழுத்த நீர்ப்பாய்ச்சி ஆகியவையும் ஆகாதவை. முறையான வேலை இப்படி நடக்கும்: கல் ஆடாமல் நிற்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள், தண்ணீரால் நன்றாக நனைப்பார்கள், அழுக்கு நீர் வழிந்து கறை படியாமலிருக்க, மென்மையான பிரஷால் கீழிருந்து மேலாகத் தேய்ப்பார்கள், பிறகு டி/2 என்னும் உயிரிக்கொல்லிக் கரைசலைத் தெளித்துவிட்டுப் போய்விடுவார்கள். கல் வெளுக்க வாரக்கணக்கில் ஆகும். இடையில் சாகும் பாசியும் பூஞ்சையும் சில கற்களில் ஆரஞ்சு நிறமாக மாறித் தெரிவதுண்டு. நேற்றுவரை கறுத்திருந்த கல் ஒரு காலையில் செங்காவியேறி நிற்பதைவிட நல்ல பேய்க்காட்சி உங்களுக்கு எங்கே கிடைக்கும்?

பெயரை வாசிப்பதற்கும் ரசாயனம் வேண்டியதில்லை. தேய்ந்த எழுத்து நேர் வெளிச்சத்தில் தெரியாது. பகலில் கண்ணாடியால் வெயிலைத் திருப்பியோ, இரவில் கல்லின் ஓரத்தோடு ஒட்டி டார்ச்சைப் பிடித்தோ பக்கவாட்டில் ஒளி பாய்ச்சினால், பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து வரும்; டார்ச்சைச் சற்றே விலக்கினால் மறைந்துவிடும். உங்கள் இரவுக்காட்சியை இங்கே வையுங்கள்.

ஆனால் நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது வேறு. இந்தத் தொழிலில் மர்மம் பெட்டிக்குள் இருப்பதில்லை. கல் சொல்வதும், பதிவேடு சொல்வதும், மண் சொல்வதும் ஒன்றோடொன்று பொருந்தாத இடத்தில் இருக்கிறது. 1840இல் இறந்ததாகச் சொல்லும் கல்லில் எழுத்துகள் உளியால் இல்லாமல் அழுத்தக் காற்றால் மணல் பீச்சி வெட்டப்பட்டிருந்தால், அது இருபதாம் நூற்றாண்டில் யாரோ நட்ட கல். ஏன் அவ்வளவு தாமதமாக நட்டார்கள் என்பது உங்கள் கதை. கல்லைத் தூக்கி நிறுத்தும்போது, மண்ணுக்குள் மறைந்திருந்த அடிப்பகுதியில் சிற்பியின் கையொப்பம் கிடைப்பதுண்டு. (ஒன்றரை மீட்டர் உயரமும் ஐந்து சென்டிமீட்டர் தடிமனும் உள்ள சாதாரணப் பளிங்குப் பலகையே நூறு கிலோவைத் தாண்டும் என்பதால், அவள் தனியாகத் தூக்க முடியாது, மூன்று கால் தூக்குச் சட்டமும் சங்கிலிக் கப்பியும் கொடுங்கள்.) காலனியல் பார்க்கில், அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1864 டிசம்பரில் நகரைப் பிடித்த வடக்குப் படைத் தளபதி ஷெர்மனின் படையினர் அங்கே தங்கியபோது கற்களில் தேதிகளைத் திருத்தினார்கள் என்று ஒரு வழக்கு உண்டு.

பதிவேட்டிலேயே இல்லாதவர்களையும் மறக்காதீர்கள். அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களின் புதைகுழிகளில் பெரும்பாலும் பெயர் பொறித்த கல் இருக்காது. செதுக்காத கல், கடற்சிப்பி, உடைந்த பீங்கான், நித்தியகல்யாணியின் உறவான கொடியின் பசும்படர்வு, சவப்பெட்டி மக்கியதால் உள்வாங்கிய நீள்பள்ளம் ஆகியவைதான் அடையாளம். தரை ஊடுருவும் ரேடார் எலும்பைக் காட்டாது. ஒருகாலத்தில் தோண்டி மூடப்பட்ட மண்ணின் வேறுபாட்டைத்தான் காட்டும். புளோரிடாவின் டாம்பா நகரில், கறுப்பின மக்களுக்கான ஜயன் கல்லறைத் தோட்டம் வரைபடத்திலிருந்தே மறைந்துபோய், 2019இல் குடியிருப்புகளுக்கு அடியில் இப்படித்தான் கண்டறியப்பட்டது. வெள்ளைச் சேலையின் அமெரிக்க வடிவமான வெள்ளை கவுன் மணப்பெண்ணைவிட, ரேடார் திரையில் வரிசையாக எழும் கணக்கில் வராத குழிகள் எனக்கு அதிகம் நடுக்கம் தருகின்றன.

கடைசியாக ஒன்று: எலும்பு தென்பட்டால் கதாநாயகி தொடர்ந்து தோண்டக் கூடாது. ஜார்ஜியா சட்டப்படி உடனே உள்ளூர்க் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். மரண விசாரணை அதிகாரி வந்து, அது புதிய குற்றமா பழைய அடக்கமா என்று பார்ப்பார். பழையது என்றால் மாநிலத் தொல்லியலாளரிடம் போகும். அதுவரை வேலை நிற்கும். ஓர் அத்தியாயம் முழுக்க அவளை வேலிக்கு வெளியே நிறுத்திவைக்க உங்களுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.