நிர்வாகமும் ஆவியின் வரமா? (கடிதம்)

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். நான் கோலாலம்பூரில், செந்தூலில் இருக்கிறேன். வயது 34. ஒரு சரக்கு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. பிறந்ததிலிருந்து ஒரே சபைதான். சென்ற மாதம் எங்கள் சபையில் ஆவிக்குரிய வரங்களை, அதாவது ஊழியத்துக்காகப் பரிசுத்த ஆவியானவர் தரும் திறன்களைப் பற்றி ஒருநாள் முகாம் நடத்தினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகள் உள்ள ஒரு தாளைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண் போடச் சொன்னார்கள். கூட்டிப் பார்த்தால் எனக்கு நிர்வாகமும் உதவி செய்தலும் மேலே வந்தன. போதித்தல், தீர்க்கதரிசனம், சுகமாக்குதல் எல்லாம் ஏறக்குறைய பூஜ்யம். பக்கத்தில் இருந்த ஓர் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "நல்லதும்மா, கிச்சனுக்கு ஆள் வேணும்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்து அழுதேன்.

என் தோழி வேறு சபைக்குப் போகிறாள். அந்நியபாஷை (ஆவியின் ஏவுதலால் பேசும், தான் கற்காத மொழி) பேசாதவர்கள் ஆவியைப் பெறவில்லை என்கிறாள். உபவாசித்து ஜெபித்தும் பார்த்தேன், எனக்கு வரவில்லை. சனிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்கும் ஒழுங்காகப் போக முடிவதில்லை. சபையில் உள்ள இரண்டு பாட்டிகளின் வீட்டுக்குப் போய், அவர்களுக்கு வந்த மலாய்க் கடிதங்களைப் படித்துச் சொல்லி, பாரம் எழுதிக் கொடுத்து, மாத்திரைகளைப் பிரித்து வைத்துவிட்டு வர வேண்டியிருக்கிறது. அதனால்தான் எனக்கு வரம் கிடைக்கவில்லையோ என்றும் தோன்றுகிறது.

என் வரம் என்ன என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நிர்வாகம் ஆபீஸ் வேலைதானே, அது எப்படி வரமாகும்? என்னைக் கண்டுகொள்ளாத சபையை விட்டு வேறு சபைக்குப் போகலாமா?

ஒரு வாசகி, செந்தூல்

*

அன்புள்ள தங்கைக்கு,

கடைசிக் கேள்வியைக் கடைசியிலேயே வைத்துக்கொள்வோம். முதலில் அந்தக் கேள்வித்தாள்.

இந்த மாதிரித் தாள்கள் 1970களில் அமெரிக்கச் சபைகளில் பரவத் தொடங்கியவை. ஆட்கள் நிறைய இருந்தும் யாருக்கு எந்தப் பொறுப்பைக் கொடுப்பது என்று தெரியாத இடத்தில், பேச்சைத் தொடங்கிவைக்க அவை உதவும். அதற்கு மேல் அவற்றுக்கு அதிகாரம் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அதில் கேள்விகள் எப்படி இருந்தன என்று நினைத்துப் பாருங்கள். நான் வேதத்தை விளக்கும்போது மற்றவர்களுக்குத் தெளிவு கிடைக்கிறது, நான் ஜெபித்தபோது நோயாளிகள் ஆறுதல் அடைந்திருக்கிறார்கள் என்ற மாதிரிதான் இருந்திருக்கும். ஒரு நாளும் வேதத்தை விளக்கும்படி யாரும் கேட்காத ஒரு பெண் இதற்கு என்ன மதிப்பெண் போடுவாள்? பூஜ்யம்தான். அந்தப் பூஜ்யம் அவளிடம் வரம் இல்லை என்பதைக் காட்டவில்லை. இத்தனை வருடத்தில் சபை அவளுக்கு என்ன வாய்ப்புக் கொடுத்தது என்பதைத்தான் காட்டுகிறது. நம் தமிழ்ச் சபைகளில் ஆண்பிள்ளைக்கு பதினைந்து வயதிலேயே மைக் கிடைத்துவிடுகிறது. பெண்பிள்ளைக்கு ஞாயிறு பள்ளியும் சமையல்கட்டும். இருபது வருடம் கழித்து இருவர் கையிலும் ஒரே தாளைக் கொடுத்தால் விடை எப்படி ஒன்றாக வரும்? ஆகவே போதிக்கும் வரம் உங்களுக்கு இல்லை என்று அந்தத் தாளை நம்பி முடிவு கட்டாதீர்கள். ஞாயிறு பள்ளியில் ஒரு வகுப்பை எடுத்துப் பாருங்கள், அப்புறம் தெரியும்.

சரி, நிர்வாகம் வரமா? பவுல் ரோமர் 12-இல் ஒரு பட்டியல் தருகிறார், 1 கொரிந்தியர் 12-இல் இரண்டு, எபேசியர் 4-இல் ஒன்று. இந்த நான்கும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. பேதுருவோ பெயர்களுக்குள்ளேயே போகாமல், பேசுகிறவன், உதவிசெய்கிறவன் என்று இரண்டோடு முடித்துவிடுகிறார். மொத்த வரங்கள் ஒன்பதா, பத்தொன்பதா என்று எண்ணிக்கொண்டிருப்பதற்கு இவர்கள் யாரும் எழுதவில்லை என்பது இதிலேயே தெரிகிறது. ஆனால் 1 கொரிந்தியர் 12:28-ஐ மட்டும் இன்றைக்கே எடுத்து வாசியுங்கள். "பின்பு அற்புதங்களையும், பின்பு குணமாக்கும் வரங்களையும், ஊழியங்களையும், ஆளுகைகளையும், பலவித பாஷைகளையும் ஏற்படுத்தினார்" என்று ஒரே மூச்சில் வருகிறது. இங்கே ஊழியங்கள் என்பது உதவி செய்தல், ஆளுகைகள் என்பது நிர்வாகம். உதவிசெய்கிறவர்களும் நிர்வகிக்கிறவர்களும் குணமாக்குகிறவர்களுக்கும் பாஷை பேசுகிறவர்களுக்கும் நடுவில் நிற்கிறார்கள். உங்கள் தாளில் மேலே வந்த இரண்டையும் பவுல் அங்கேதான் வைத்திருக்கிறார்.

அதே அதிகாரத்துக்கு முந்திய பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். கொரிந்து சபையில் கர்த்தருடைய பந்திக்கு வருகிறவர்களில் வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டுவிடுகிறார்கள். "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்" என்று பவுல் கண்டிக்கிறார். வெறி என்றால் இங்கே குடிவெறி. அதை எழுதி முடித்த கையோடுதான் வரங்களைப் பற்றி எழுத ஆரம்பிக்கிறார். யார் பெரியவர் என்ற போட்டி, முதலில் சாப்பாட்டில் தெரிந்தது, பிறகு வரங்களிலும் தெரிந்தது. அதனால்தான், பலவீனமாகக் காணப்படுகிற அவயவங்களே மிகவும் வேண்டியவை என்று அவர் அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

உங்கள் தோழி சொன்னதைப் பற்றி. அவருடைய விசுவாசத்தை நான் மதிக்கிறேன். அசெம்பிளிஸ் ஆஃப் காட் போன்ற பெந்தெகொஸ்தே சபைகள், ஆவியின் அபிஷேகத்துக்கு முதல் வெளியடையாளம் அந்நியபாஷை என்று போதிக்கின்றன. லுத்தரன், மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன் சபைகள் அப்படிப் போதிப்பதில்லை. இது நேர்மையான கருத்து வேறுபாடு. ஆனால் அந்தப் பெந்தெகொஸ்தே போதனையே, இயேசுவை விசுவாசிக்கிற எல்லாரிலும் ஆவியானவர் வாசம்பண்ணுகிறார் என்பதை மறுப்பதில்லை. அபிஷேகத்தை அதற்குப் பிறகு வரும் தனி அனுபவமாகத்தான் வைக்கிறது. ஆகவே நீங்கள் ஆவியைப் பெறவே இல்லை என்ற வார்த்தை, அந்தப் போதனையையும் தாண்டிப் போகிறது. பவுலும், "எல்லாரும் அந்நியபாஷைகளைப் பேசுகிறார்களா?" என்று இல்லை என்ற பதிலை எதிர்பார்த்துத்தான் கேட்கிறார். அது கிடைக்க வேண்டும் என்று விரும்பி ஜெபித்தீர்கள், நல்லது. கிடைக்காததைத் தண்டனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது அந்தப் பாட்டிகளுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். நீங்களோ அதைக் குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல எழுதியிருக்கிறீர்கள்.

அப்போஸ்தலர் 6-ஐ நினைத்துப் பாருங்கள். எருசலேம் சபையில் கிரேக்க மொழி பேசும் விதவைகள், அன்றாடப் பங்கீட்டில் விடுபட்டுப் போகிறார்கள். சாப்பாடு இருந்தது, கொடுக்கும் மனதும் இருந்தது. ஆனால் வேறு மொழி பேசும் ஏழைப் பெண்களின் பெயர் வரிசையில் வரவில்லை. அன்றைக்கு அப்போஸ்தலர்கள், நல்லாக் கணக்குத் தெரிந்தவர்களைப் பிடித்துப் போடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவர்கள் கேட்டதோ, "பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்து, நற்சாட்சி பெற்றிருக்கிற ஏழுபேரை." சோறு பங்கிடும் வேலைக்கு இந்தத் தகுதி! தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பேருக்கும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தின் மொழி தெரிந்தவர்கள் என்றே பலரும் இதைப் புரிந்துகொள்கிறார்கள். இன்னொன்று, அந்த ஏழு பேரில் யாரும் தங்கள் வரம் என்ன என்று தாங்களே தேடிப் போனதாக அங்கே இல்லை. சபை அவர்களைப் பார்த்திருந்தது, சபைதான் தெரிந்தெடுத்தது. பந்தியில் தொடங்கிய பிலிப்பு பிறகு சமாரியாவில் பிரசங்கிக்கிறார். ஸ்தேவான் ஆலோசனைச் சங்கத்தின் முன் நின்று பேசுகிறார். பரிமாறும் வேலை அவர்களை அங்கேயே கட்டிப்போடவில்லை.

நம் ஊரில் இதற்கு அர்த்தம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்த நம் மூத்த தலைமுறையில் பலருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், மலாய் பேசத் தெரியும், ஆனால் அரசாங்க மலாய்க் கடிதம் வந்தால் கை நடுங்கும். சமூக நல இலாகாவின் உதவித்தொகை, சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதி, ஊழியர் சேமநிதி, ஆஸ்பத்திரித் தேதி என்று எல்லாம் கடிதமாகவோ கைத்தொலைபேசியிலோ வருகின்றன. இந்த மண்ணிலேயே பிறந்தும், பிறப்புப் பத்திரம் சரியாகப் பதியப்படாததால் இன்னும் குடியுரிமை இல்லாமல், நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாளக் கார்டோடு இருக்கும் முதியவர்கள் நம்மிடையே உண்டு. ஒரு பாரத்தில் ஒரு கட்டம் தவறினால் மாதக்கணக்கில் பணம் நின்றுபோகும். அந்தக் கடிதத்தைப் பிரித்து, படித்து, பயப்படாதீங்க பாட்டி என்று சொல்லி, எந்த மேசையில் யாரிடம் கொடுக்க வேண்டும் என்று தெரிந்து செய்கிறவரை நான் ஆவியின் வரம் பெற்றவர் என்றுதான் அழைப்பேன். ஆபீஸில் நீங்கள் கற்ற ஒழுங்கை ஆவியானவர் எடுத்துப் பயன்படுத்தக் கூடாதா? யாத்திராகமம் 31-இல், ஆசரிப்புக் கூடாரத்தைச் செய்த பெசலெயேலை தேவ ஆவியினால் நிரப்பியது, பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் வேலை செய்யத்தானே.

2020 மார்ச் 18-இல் கொரோனாவினால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து ஆலயங்கள் மூடப்பட்டபோது இதை நான் கண்ணாரக் கண்டேன். அடுத்த ஆண்டு நடுவில், சாப்பாட்டுக்கு வழியில்லாத குடும்பங்கள் ஜன்னலில் வெள்ளைக் கொடி கட்டினார்கள். எங்கள் சபையில் நன்றாகப் பிரசங்கிப்பவர்கள் இணையத்தில் பிரசங்கித்தார்கள், அதுவும் வேண்டியிருந்தது. ஆனால் எந்த அடுக்குமாடியில் எந்த மாடியில் யாருக்கு நீரிழிவு, யார் வீட்டில் பால் குடிக்கும் குழந்தை என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் வைத்திருந்தவர், ஆலயத்தில் என்றுமே கடைசி பெஞ்சில் உட்காரும் பள்ளி வேன் ஓட்டுநர். அந்த நோட்டு இல்லாவிட்டால் அரிசி மூட்டைகள் மண்டபத்திலேயே கிடந்திருக்கும்.

ஆகவே உங்கள் வரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டால், உள்ளுக்குள் தோண்டித் தேடாதீர்கள் என்பேன். உங்கள் முன்னால் இருக்கும் ஒருவரின் தேவையில் கை வையுங்கள். நீங்கள் செய்ததால் அவர் உண்மையிலேயே தூக்கிவிடப்பட்டாரா, தேவன்மேல் அவருடைய நம்பிக்கை கூடியதா என்று பாருங்கள். உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். வரம் உள்ள வேலையிலும் களைப்பு வரும், சில நாள் எரிச்சலும் வரும். அப்புறம், உங்களை நன்கு அறிந்த, முகத்துக்காகப் பேசாத சிலரிடம் என்னிடம் எதைப் பார்க்கிறீர்கள் என்று கேளுங்கள். அப்போஸ்தலர் 9-இல், ஏழைகளுக்கு உதவிவந்த தொற்காள் இறந்தபோது யோப்பாவின் விதவைகள் அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளை எடுத்து பேதுருவிடம் காட்டினார்கள். அவளுடைய வரத்துக்கு அவர்கள்தான் சாட்சி. உங்கள் இரண்டு பாட்டிகளும் அப்படித்தான்.

வரம் என்று தெரிந்தபின் வளர்க்கவும் வேண்டும். பவுலின் உடன் ஊழியரான தீமோத்தேயுவுக்கே, உன்னிலுள்ள வரத்தை அனல்மூட்டி எழுப்பு என்றுதான் எழுதப்பட்டது. தேசியப் பதிவு இலாகாவின் நடைமுறைகளை முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். பாட்டிகளின் ஆவணங்களை நகலெடுத்துப் பாதுகாப்பாக வையுங்கள், அவர்கள் அனுமதியோடு. எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வை முடித்த, மலாய் நன்றாக எழுதும் இரண்டு பிள்ளைகளைச் சனிக்கிழமை கூடவே அழைத்துப் போங்கள். தனியாகவே சுமந்தால் ஒருநாள் முறிந்துபோவீர்கள், பாட்டிகளும் நடுவழியில் நிற்பார்கள். கூட வரும் பிள்ளைகளில் ஒருவருக்கு இரக்கம் செய்யும் வரம் இருப்பது அங்கே தெரியவரலாம்.

சமையல்கட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த அண்ணனின் பேச்சுக்காக அதை வெறுத்துவிடாதீர்கள். தட்டுக் கழுவுவதற்குத் தனி வரம் தேவையில்லை, சாப்பிட்ட எல்லாருக்கும் அது பொது. அடுத்த முறை அவரையும் அன்போடு கூப்பிடுங்கள்.

வேறு சபைக்குப் போகலாமா என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். இப்போதைக்கு வேண்டாம். சபை உங்களைக் கண்டுகொள்ளவில்லை என்கிறீர்கள், உண்மையாக இருக்கலாம், அது சபையின் தவறுதான். ஆனால் சனிக்கிழமைகளில் நீங்கள் செய்வது உங்கள் போதகருக்குத் தெரியுமா? கடிதத்தைப் படித்தால் தெரியாது என்றே நினைக்கிறேன். நேரம் கேட்டு அவரைப் போய்ப் பாருங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் மண்டபத்தில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, கடிதங்களையும் பாரங்களையும் கொண்டுவருகிறவர்களுக்கு உதவி, இதைச் சபையின் ஊழியமாக அறிவிக்க வேண்டும், அதற்காக ஜெபிக்க வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். பதவி கேட்க வேண்டாம், மேசை கேளுங்கள். பலமுறை கேட்டும் பார்க்கலாம் என்றே பதில் வந்தால் எனக்கு எழுதுங்கள். செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ உங்களுக்கு இடம் கொடுக்கக்கூடிய சபைகளை நானே விசாரித்துச் சொல்கிறேன். உங்கள் சபையில் அங்கத்தினராக இருந்துகொண்டே அதைச் செய்யலாம்.

அன்புடன்,
அக்கா