ஒருங்கிணைப்பாளர் யார்?

கேள்வி: அமெரிக்காவில் மயாமியில், மனநோய் உள்ளவர்கள் சின்னக் குற்றங்களில் சிக்கினால் சிறைக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்புகிறார்களாம். போலீஸ், நீதிமன்றம், சிறை, மருத்துவமனை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்கின்றன என்று படித்தேன். நம் ஊரில் அப்படி ஓர் ஒருங்கிணைப்பு எப்போது வரும்? (பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கும் வாசகர், விழுப்புரம்)

பதில்: இந்தக் கேள்விக்குப் பெயரை ஏன் மறைத்தீர்களோ தெரியவில்லை. போகட்டும். ‘ஒருங்கிணைப்பு’ என்று எழுதினீர்களே, அதைச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு 2017 ஞாபகம் வந்துவிடுகிறது. ஒரு கட்சிக்கு ஓர் ஒருங்கிணைப்பாளர், ஓர் இணை ஒருங்கிணைப்பாளர். ஐந்து வருஷம்கூட ஓடவில்லை. யார் யாரை ஒருங்கிணைத்தார்கள் என்று முடிவுசெய்ய உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று ஏறி இறங்க வேண்டியிருந்தது. இரண்டே பேர் இருந்த ஒருங்கிணைப்புக்கே அந்தக் கதி. நீங்கள் நாலு துறையைக் கேட்கிறீர்கள்.

நிருபராக இருந்த காலத்தில் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்கள் பலவற்றில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். மிக்சர் நன்றாக இருக்கும். ‘உரிய நடவடிக்கை மேற்கொள்ளுமாறு சம்பந்தப்பட்ட துறைகள் கேட்டுக்கொள்ளப்பட்டன’ என்று தீர்மானம் எழுதுவார்கள். ‘கேட்டுக்கொள்ளப்பட்டன’ என்ற செயப்பாட்டு வினையைத் தடைசெய்ய வேண்டும் என்று இதே பக்கத்தில் இருபது வருஷமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன். கேட்டவர் பெயரும் கிடையாது, கேட்கப்பட்டவர் பெயரும் கிடையாது. தஞ்சாவூரிலிருந்து வாராவாரம் என் ஒற்றுப் பிழைகளை எண்ணி அனுப்பும் பெரியவர் ஒருவர் மட்டும், ‘அது இலக்கணப்படி சரிதான்’ என்று எதிர்க்கடிதம் போடுகிறார். ஐயா, இலக்கணப்படி சரி. ஆள் எங்கே?

மயாமியில் ஆள் இருந்தார், பெயரும் இருந்தது. ஸ்டீவ் லைஃப்மன், கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி) நீதிபதி. ஒருநாள் விசாரணைக்கு முன்னால் வயதான தம்பதி அவரைப் பார்க்க வந்தார்கள். இன்று உங்கள் முன் நிறுத்தப்படப் போகிறவன் எங்கள் மகன், ஹார்வர்டில் இருந்த மனநல மருத்துவன், இப்போது மனநோய் முற்றித் தெருவில் கிடக்கிறான், எப்படியாவது சிகிச்சைக்கு அனுப்புங்கள் என்று கெஞ்சினார்கள். அதற்கென்ன, செய்துவிடலாம் என்று இவரும் சொல்லிவிட்டார். நீதிமன்றத்தில் அந்த மனிதர் முதலில் தெளிவாகத்தான் பேசினார். திடீரென்று, பின்னால் நிற்பவர்கள் என் பெற்றோரே இல்லை, என்னைக் கொல்ல வந்த சி.ஐ.ஏ. ஆட்கள் என்று அலற ஆரம்பித்தார். மருத்துவர்கள் பரிசோதித்து, இவருக்கு மருத்துவமனைதான் வேண்டும் என்றார்கள். ஆனால் சின்ன வழக்கில் சிக்கியவரை மருத்துவமனைக்கு அனுப்ப அந்த நீதிபதிக்குச் சட்டத்தில் வழியில்லை. மறுபடி தெருவுக்கே விட வேண்டியதாயிற்று. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியாத அவமானம் ஒரு நீதிபதிக்கு உறைத்தது பாருங்கள், மயாமியின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

2000-ல் அவர் எல்லாரையும் ஒரே மேசைக்கு அழைத்தார். அரசு வழக்கறிஞர், குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடும் பொது வழக்கறிஞர், போலீஸ், சிறை, மருத்துவமனை, நோயாளிகளின் குடும்பத்தார் எல்லாரும் வந்தார்கள். போலீஸாருக்கு 40 மணி நேரப் பயிற்சி தரப்பட்டது. 1988-ல் மெம்பிஸ் நகரம் தொடங்கிய முறை அது. கத்துகிறவரைப் பார்த்து அதைவிட உரக்கக் கத்தாமல் இருப்பது எப்படி என்பதுதான் பாடம். கைதாகிவிட்டால் சிறையிலிருந்து சிகிச்சைக்கு, அங்கிருந்து தங்க இடத்துக்கு, நடுவில் வாய்தா தேதி தவறாமல் இருக்க ஒரு பொறுப்பாளர். 2010-களில் மயாமி போலீஸ் கையாண்ட மனநலம் சார்ந்த அழைப்புகள் ஒரு லட்சத்துக்கு மேல். கைது 200-ஐத் தொடவில்லை. கூட்டம் குறைந்து ஒரு சிறையையே மூடினார்கள். அதில் மட்டும் வருஷத்துக்கு 1.2 கோடி டாலர் மிச்சம்.

சரி, நம் ஊருக்கு வருவோம். ஒருங்கிணைப்பு எப்போது வரும் என்கிறீர்கள். வந்து ரொம்ப நாளாயிற்று, ஐயா! ஒவ்வொரு மாவட்டத்திலும் விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழு உண்டு. மாவட்ட நீதிபதி, கலெக்டர், எஸ்.பி., சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளர், சிறைக் கண்காணிப்பாளர் என்று ஐந்து நாற்காலி. ஜாமீன் கிடைத்தும் பணம் கட்ட வழியில்லாத விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை தரலாம் என்று 2023-ல் மத்திய அரசு ஒரு திட்டம் போட்டது. அதற்கும் மாவட்டக் குழு உண்டு. அதில் கலெக்டர், எஸ்.பி., சட்டப்பணிச் செயலாளர், சிறைக் கண்காணிப்பாளர், அப்புறம் மாவட்ட நீதிபதி அனுப்பும் ஒரு நீதிபதி. ஏறக்குறைய அதே நாற்காலிகள். வாசலில் பலகை மட்டும் வேறு. தெருவில் திரியும் மனநோயாளியைப் போலீஸார் பாதுகாப்பில் எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், எக்காரணம் கொண்டும் லாக்கப்பில் வைக்கக் கூடாது என்று 2017-ன் மனநலச் சட்டமும் சொல்கிறது. எல்லாம் இருக்கிறது. இருந்தும் இந்தியச் சிறைகளில் ஏறக்குறைய நாலில் மூன்று பேர் தண்டனை பெறாத விசாரணைக் கைதிகள்.

மச்சாங் லாலுங்கைத் தெரியுமா? அசாம்காரர். 1951-ல் கைதானபோது வயது 23. மனநலம் சரியில்லை என்று தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். 1967-ல் மருத்துவமனை, ‘இவர் குணமாகிவிட்டார்’ என்று எழுதிக் கொடுத்தது. அந்தக் காகிதம் எந்த மேசையில் தூங்கியதோ, அவரை வெளியே மட்டும் யாரும் விடவில்லை. வழக்கும் நடக்கவில்லை. மருத்துவமனை தன் வேலையைச் செய்துவிட்டது. சிறை தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. நீதிமன்றத்துக்கோ, யாராவது கொண்டுவந்தால்தானே வழக்கு? 2005 ஜூலையில், தேசிய மனித உரிமை ஆணையம் தலையிட்ட பிறகு, ஒரு ரூபாய் சொந்த ஜாமீனில் வெளியே வந்தார். வயது 77. ஐம்பத்து நாலு வருஷம், ஜாமீன் தொகை ஒரு ரூபாய். பிற்பாடு உச்ச நீதிமன்றம் 3 லட்ச ரூபாய் இழப்பீடும் மாதம் ஆயிரம் ரூபாயும் கொடுக்கச் சொன்னது. 2007 டிசம்பரில் இறந்துபோனார்.

ஜாமீனில் விட்டவரைக் கண்காணிப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மயாமியில் அதற்கு ஆள் போட்டிருக்கிறார்கள். நம்மிடம் ஒரு நோட்டு இருக்கிறது. நிபந்தனை ஜாமீன், தினமும் காலை 10 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. பெயின்ட் அடிக்கும் பையன் ஒருவனோடு, அடிதடி வழக்கில், ஒரு வாரம் போய் நின்றிருக்கிறேன். மேசையில் நூலால் கட்டிய பேனா, அதில் மை கிடையாது. நோட்டு பீரோவில், சாவி ரைட்டரிடம், ரைட்டர் கோர்ட்டில். பத்து மணிக் கையெழுத்து பன்னிரண்டரைக்கு விழும். அதற்குள் மேஸ்திரி வேறு ஆளை ஏற்றிவிட்டிருப்பார். அந்த ஒரு வாரத்தில் யாரும் அவனிடம், ‘எப்படிப்பா இருக்கே, ராத்திரி தூங்கினாயா’ என்று கேட்கவில்லை. கையெழுத்து மட்டும் ஒழுங்காக இருந்தது.

வசதி உள்ளவர்களுக்கு நிபந்தனையும் கொஞ்சம் இலக்கியத் தரமாக இருக்கும். 2024-ல் புனேயில் ஒரு பணக்கார வீட்டுப் பையன் சொகுசு கார் ஓட்டி இரண்டு பேர் செத்தார்கள். சில மணி நேரத்தில் ஜாமீன். நிபந்தனைகளில் ஒன்று, விபத்து பற்றி 300 சொல்லில் கட்டுரை. நாடே கொந்தளித்தது. எனக்குக் கோபத்தோடு ஒரு தொழில்முறைப் பொறாமையும் வந்தது. முப்பது வருஷமாக எங்கள் எழுத்தாளர்களிடம் 300 சொல் கேட்கிறேன், 1,200-க்குக் குறைந்து ஒருவரும் தந்ததில்லை. ஜாமீன் நிபந்தனையாகப் போட்டால்தான் சொல் எண்ணிக்கைக்கு மரியாதை வரும் போலிருக்கிறது. பீகாரில் ஒரு நீதிபதி, பெண்ணிடம் தவறாக நடக்க முயன்ற வழக்கில், ஊர்ப் பெண்கள் எல்லாருடைய துணியையும் ஆறு மாதம் துவைத்து இஸ்திரி போட வேண்டும் என்று நிபந்தனை போட்டார். ஊர்ப் பெண்கள் அதைக் கேட்டார்களா என்று யாரும் கேட்கவில்லை.

ஒரே ஒரு நல்ல வரி கண்ணில் பட்டது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-வது பிரிவு. அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டவருக்கு, இதற்கு முன் தண்டனையே பெறாதவரென்றால் மூன்றில் ஒரு பங்கைக் கழித்திருந்தாலே, ஜாமீனில் விடுதலை கோர வழி உண்டு. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்குப் பொருந்தாது. ஒன்றுக்கு மேல் வழக்கு இருந்தாலும் சிக்கல். அந்தப் பாதியோ மூன்றில் ஒன்றோ முடிந்ததும் நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் சிறைக் கண்காணிப்பாளர் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. குழு, துறை, ‘சம்பந்தப்பட்டவர்கள்’ எதுவும் இல்லை. ஒரே ஓர் அதிகாரி, அவர் கையெழுத்து.

ஆகவே விழுப்புரம்காரரே, மயாமியை விடுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். நம் மாவட்டக் கைதிகளுக்காக 479-ன் கீழ் சிறைக் கண்காணிப்பாளர் இதுவரை எத்தனை விண்ணப்பம் போட்டார், அதில் எத்தனை பேர் மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள் என்று கேளுங்கள். மனுவில் பெயர் போட்டே ஆக வேண்டும், அதை மட்டும் மறந்துவிடாதீர்கள். பதில் வந்தால் அனுப்புங்கள், அப்படியே அச்சிடுகிறேன். ஒற்றுப் பிழைகளைத் தஞ்சாவூர்ப் பெரியவர் பார்த்துக்கொள்வார்.