வயலில் வீடு கட்டத் தடை இருந்தால் மனை விலை ஏறுமா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மனை தேடுபவர் கேட்டிருக்கிறார்: நெல்வயல் சட்டத்தால்தான் மனை விலை ஏறுகிறதா?

ஓரளவுக்கு ஆமாம். கேரளத்தில் 2008-ல் வந்த நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் வயலை மண் போட்டு மேடாக்குவதைத் தடுக்கிறது. வீடு கட்டத் தோதான இடம் குறைந்தால் அதன் விலை ஏறத்தான் செய்யும். இங்கே பத்திரத்தில் 'நிலம்' என்றால் வயல், 'புரயிடம்' என்றால் மனை. ஒரே வரப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் செண்டு விலை வேறு. மலிவாகக் கிடைக்கிறதே என்று 'நிலம்' வாங்கிவிட்டுத் தவிப்பவர்கள் உண்டு. முதலில் வில்லேஜ் ஆபீஸில் டேட்டா பேங்கை, அதாவது அந்தச் சட்டப்படி வயல், நீர்நிலம் எவை என்று காட்டும் பட்டியலைப் பாருங்கள்.

ஆனால் பழியை முழுக்கச் சட்டத்தின் மேல் போடுவது சரியில்லை. கொழிஞ்சாம்பாறை இருக்கும் சித்தூர் தாலுகாவின் கிழக்கே மழை குறைவு. மேட்டுத் தோட்டங்கள் நிறைய. அங்கே கட்டலாம் என்பதால் ஏற்றம் அவ்வளவு இருக்காது. நாலாபுறமும் வயலே உள்ள ஊரில்தான் நெருக்கும். ரோடு, கோயம்புத்தூர் வேலை, வெளிநாட்டுப் பணம் இவையும் விலையை ஏற்றுகின்றன.

அப்புறம், வேறு இடமே இல்லாத வயல்காரர் சொந்த வீட்டுக்குப் பஞ்சாயத்துப் பகுதியில் 10 செண்டு வரை அனுமதி கேட்கலாம். மழைநீர் வயலில் தேங்கினால்தான் நம் கிணறு ஊறும். அதற்காகக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுப்பதை நான் நஷ்டமாக நினைக்கவில்லை.