தட்டினால் போதும் கார்டு: சேலத்துக்காரர்கள் கேட்டவையும் என் பதில்களும்

கடைகளுக்குக் கார்டு மெஷின் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். மெஷினில் தட்டினாலே பணம் போகும் ‘காண்டாக்ட்லெஸ்’ வங்கிக் கார்டில் இருப்பதை அருகில் வந்தே திருடிவிடுவார்களா என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

கே: பழைய பஸ் ஸ்டாண்ட் கூட்டத்தில் ஒருவன் மெஷினை என் பாக்கெட் மேல் வைத்துப் பணம் எடுக்க முடியுமா அண்ணா? (அம்மாப்பேட்டை)

ப: முடியும், ஆனால் சுலபமில்லை. கார்டில் பேட்டரி கிடையாது. மெஷின் வீசும் 13.56 மெகாஹெர்ட்ஸ் காந்தப் புலத்திலிருந்துதான் கார்டுக்குள் ஓடும் கம்பிச் சுருள் மின்சாரம் எடுத்துக்கொள்கிறது. நாலைந்து சென்டிமீட்டர் தள்ளினாலே சாதாரண மெஷினால் படிக்க முடியாது. 2021 ஜனவரி முதல் 5,000 ரூபாய் வரை பின் நம்பர் இல்லாமல் எடுக்கலாம் என்பதால் உங்கள் பயத்தைத் தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் மெஷின் ஒரு வியாபாரியின் பெயரில், வங்கிக் கணக்கோடு பதிவானது. எடுத்த பணம் அந்தக் கணக்கில்தான் போய் நிற்கும். பினாமிக் கணக்கு வைத்திருப்பவன்தான் துணிவான்.

இதைவிடப் பெரிய ஆபத்து பெட்ரோல் பங்கில் நடக்கிறது. கார்டைக் கையில் கொடுத்துவிட்டு, பின் நம்பரை வாயால் சொல்கிறோம். தயவுசெய்து நீங்களே அழுத்துங்கள்.

கே: போன் ஆப் வைத்தே கார்டைப் படிக்கலாமாமே? (ஐந்து ரோடு)

ப: கார்டு எண்ணும் காலாவதித் தேதியும் கிடைக்கும். பின்புறம் அச்சடித்த மூன்று இலக்க எண் வராது. ஒவ்வொரு தட்டலுக்கும் சிப் புதிதாக ஒரு சங்கேதம் போடுவதால், ஒருமுறை பிடித்ததை மறுமுறை பயன்படுத்த முடியாது. சில வெளிநாட்டுத் தளங்கள் ஓடிபி கேட்பதில்லை. அதனால் வெளிநாட்டுப் பயன்பாட்டை அணைத்து வையுங்கள்.

கே: அலுமினியத் தாள் சுற்றினால் போதுமா? (செவ்வாய்ப்பேட்டை)

ப: போதும், கார்டு முழுவதும் மூடியிருந்தால்.

கே: அது கிழிந்துவிடும். எவர்சில்வர் டப்பாதான் சரி. (இரும்பாலை)

கே: எவர்சில்வரில் காந்தமே ஒட்டாது, அது எப்படிக் காந்தப் புலத்தைத் தடுக்கும்? கொலுசுப் பட்டறையில் இருக்கிறேன், வெள்ளித் தகடுதான் சரி. (மறுபடியும் செவ்வாய்ப்பேட்டை)

ப: இரண்டு பேரும் நல்ல இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். காந்தம் ஒட்டுகிறதா என்பது இங்கே விஷயமே இல்லை; மின்சாரம் கடத்துகிறதா என்பதுதான். புலம் படும்போது உலோகத்தில் சுழல் மின்னோட்டம் எழுந்து, எதிர்ப்புலம் உண்டாக்கி, வந்ததை அடக்கிவிடும். வெள்ளி மிகச் சிறந்த கடத்திதான். எவர்சில்வர் அதைவிட ரொம்ப மோசம். ஆனாலும் டப்பா அளவு கனமிருந்தால் இந்த வேலைக்குத் தாராளம். கார்டுக்காக வெள்ளியைச் செலவழிக்க வேண்டாம். கடையில் வாங்கும் உறையானாலும் சரி, கார்டை உள்ளே வைத்துத் தெரிந்த கடையில் ஒரு ரூபாய்க்குத் தட்டிப் பாருங்கள். மெஷின் படித்துவிட்டால் அந்த உறை வீண்.

கே: இரண்டு கார்டைச் சேர்த்து வைத்தால் மெஷின் குழம்புமாமே? (ஓமலூர்)

ப: பல நேரம் குழம்பும், சில நேரம் ஒன்றைப் படித்துவிடும். நம்பாதீர்கள்.

கே: ஃபாஸ்டாக்கை வாட்ச் காட்டித் திருடும் வீடியோ பார்த்தேன். (சங்ககிரி)

ப: 2022-ல் சுற்றிய அந்த வீடியோ பொய். ஃபாஸ்டாக் பணம் பதிவான வியாபாரிகளுக்கு மட்டுமே போகும், தனி ஆளுக்குப் போகாது.

கே: ஏற்காடு பஸ்ஸில் நெரிசலில் யாராவது மெஷினை... (அஸ்தம்பட்டி)

ப: முதல் பதிலைப் படியுங்கள். கோடை விழாக் கூட்டத்துக்கும் அதேதான். பின் நம்பரை யாரிடமும் சொல்லாதீர்கள்.

கே: உறை, டப்பா எதுவும் வேண்டாம். வேறு வழி? (ஆத்தூர்)

ப: எனக்குப் பிடித்த கேள்வி. வங்கி ஆப்பில் கார்டு பகுதிக்குப் போய் ‘காண்டாக்ட்லெஸ்’ வசதியை அணைத்துவிடுங்கள், அல்லது வரம்பைக் குறையுங்கள். இப்படி அணைக்கவும் போடவும் வசதி தர வேண்டும் என்று 2020-லேயே ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டுவிட்டது. காசு செலவில்லை.

கே: பணம் போய்விட்டால்? (நாலு ரோடு)

ப: உடனே வங்கிக்குச் சொல்லிக் கார்டை முடக்குங்கள், சைபர் குற்றப் புகார் எண் 1930-க்கும் அழையுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 உத்தரவுப்படி, உங்கள் தவறில்லாமல் வேறொருவர் எடுத்த பணத்தை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் நஷ்டம் உங்களுடையதல்ல. பின் நம்பரை நீங்களே சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும் வரை போனதெல்லாம் உங்கள் நஷ்டம்தான்.