இத்தாலில சுத்த எந்த ட்ரெயின் எடுக்கலாம், ஹைஸ்பீடா இல்ல ரீஜனலா?

கேள்வி கேட்டவர் அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு பத்து நாள் ரோம், ஃப்ளோரன்ஸ், வெனிஸ் போறாராம், நடுவுல ஒரு நாள் பீசாவும் இருக்காம், ஆப்பைத் திறந்தா ஒரே ஊருக்கு நாலு வகை ட்ரெயின் நாலு ரேட்ல காட்டுது, எதை எடுக்கிறதுன்னே புரியலன்னு கேட்டிருக்கார்.

நான் பொலோன்யால ரெண்டு வருஷம் படிச்சேன். பொலோன்யா வட இத்தாலியோட பெரிய ஜங்ஷன், எங்க போனாலும் அதைத் தாண்டித்தான் போகணும், அதனால எல்லா வகை ட்ரெயின்லயும் ஏறி இறங்கியாச்சு. கடைசி வருஷம் எங்க அப்பா அம்மாவும் வந்தாங்க, கிட்டத்தட்ட நீங்க போட்டிருக்கிற இதே ரூட்ல கூட்டிக்கிட்டுச் சுத்தினேன்.

எல்லாரும் வேகத்தையும் விலையையும் மட்டும்தான் பாக்கறாங்க. அதை விட முக்கியமா ஒண்ணு இருக்கு, டிக்கெட் உங்களை எதோட கட்டிப் போடுதுன்னு பாருங்க. ஹைஸ்பீடு டிக்கெட்னா அந்த ட்ரெயின், அந்த டைம், அந்த சீட்டு, அவ்ளோதான். ரீஜனல் டிக்கெட்னா அந்த ரூட்டுக்கான காசு, சீட்டு நம்பர் கிடையாது, இந்த வண்டி போச்சுன்னா அடுத்த வண்டி. அப்பாவுக்கு திடீர்னு டீ குடிக்கணும், அம்மாவுக்கு அந்தக் கடையில இன்னும் அஞ்சு நிமிஷம் நிக்கணும், இப்படிப்பட்ட நாள்ல எந்த டிக்கெட் கையில இருந்தா உங்க பிபி ஏறாதுன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

இப்ப வகையெல்லாம் சொல்லிடறேன். அரசு கம்பெனி ட்ரெனிதாலியா, அதோட ஹைஸ்பீடு ஃப்ரெச்சாரோஸ்ஸா, அப்படின்னா சிவப்பு அம்புன்னு அர்த்தம், 300 கிலோமீட்டர் வேகத்துல போகும். ஈத்தலோன்னு தனியார் ட்ரெயின் ஒண்ணு இருக்கு, 2012ல ஆரம்பிச்சாங்க, அதே தண்டவாளம், அதே வேகம், ரெண்டு பேரும் போட்டி போடறதால நமக்கு ரேட்டு குறையுது. ஈத்தலோகாரங்க ஹைஸ்பீடு மட்டும்தான் ஓட்டறாங்க, ரீஜனல் எல்லாம் அவங்ககிட்ட கிடையாது. ட்ரெனிதாலியால ஹைஸ்பீடுக்குக் கீழ இன்டர்சிட்டி, அதுக்கும் கீழ ரெஜியோனாலே, அதாவது ரீஜனல், அதுலயே ஸ்டாப் கம்மியா நிக்கிறது ரெஜியோனாலே வெலோச்சே, வெலோச்சேன்னா வேகமானதுன்னு அர்த்தம், பேரைப் பாத்து ரொம்ப நம்பிடாதீங்க.

ரோம் டு ஃப்ளோரன்ஸ் எடுத்துக்கோங்க. ஹைஸ்பீடுல ஒன்றரை மணி நேரம். ரெஜியோனாலே வெலோச்சேல ஓர்வியேத்தோ, கியூசி, அரெத்சோன்னு நின்னு நின்னு மூன்றரை நாலு மணி நேரம் ஆகிடும். ரீஜனல் டிக்கெட் 20 யூரோவுக்குக் கொஞ்சம் மேல, அது இன்னைக்கு எடுத்தாலும் அதே ரேட்டு, ரெண்டு மாசம் முன்னாடி எடுத்தாலும் அதே ரேட்டு, கிலோமீட்டர் கணக்குத்தான். ஹைஸ்பீடு அப்படி இல்ல, ஃப்ளைட் டிக்கெட் மாதிரி, முன்னாடியே எடுத்தா 20, 25 யூரோவுக்குக் கிடைக்கும், அன்னைக்கே ஸ்டேஷன்ல போய் நின்னா 50ஐத் தாண்டிடும். அப்ப தேதி உறுதியா இருக்கிறவங்க ரீஜனல்ல நாலு மணி நேரம் உக்கார்றதுக்கு ஒரு காரணமும் இல்ல, ரெண்டும் ஏறக்குறைய ஒரே காசு. மிச்சம் பிடிக்கிறேன்னு நெனச்சு அரை நாளை விட்டுட்டு வந்தவங்க நிறைய பேர், நானும் முதல் மாசம் அதைத்தான் பண்ணேன்.

ஃப்ளோரன்ஸ் டு வெனிஸும் அப்படித்தான், ஹைஸ்பீடுல ரெண்டே கால் மணி நேரம், ரீஜனல்ல போனா நடுவுல இறங்கி மாறி மாறிப் போகணும், பெட்டியைத் தூக்கிக்கிட்டு அப்பா அம்மாவோட அது வேண்டவே வேண்டாம். ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன், ஜன்னல் சீட்டுக்கு அடிச்சுக்காதீங்க. ஃப்ளோரன்ஸ் - பொலோன்யா ஹைஸ்பீடு லைன் மொத்தம் 78 கிலோமீட்டர், அதுல 73 கிலோமீட்டருக்கு மேல டனல்தான், மலையைக் குடைஞ்சுக்கிட்டே போறாங்க. நான் பெருமையா எங்க அம்மாவை ஜன்னலோரம் உக்கார வச்சேன், பத்து நிமிஷம் கண்ணாடியையே பாத்துட்டு "என்னடா, என் மூஞ்சிதான் தெரியுது"ன்னாங்க. அதுக்குள்ள பொலோன்யாவே வந்துடுச்சு, முப்பத்தேழு முப்பத்தெட்டு நிமிஷம்தான்.

பொலோன்யால இறங்கி மாற வேண்டியிருந்தா 10 நிமிஷ கேப்ல கனெக்‌ஷன் போடாதீங்க. ஹைஸ்பீடு பிளாட்ஃபாரம் 16ல இருந்து 19 வரைக்கும் தரைக்கு அடியில 20 மீட்டருக்கும் கீழ இருக்கு, 2013ல திறந்தது, மேல வர்றதுக்கு எஸ்கலேட்டர் மேல எஸ்கலேட்டர். மேல வந்தா ஒண்ணாம் பிளாட்ஃபாரம் வேற, ஒண்ணு ஓவெஸ்ட் வேற, ஓவெஸ்ட்னா மேற்கு, அது அந்தக் கடைசில தனியா இருக்கும். போர்டுல நம்பரை மட்டும் பாத்துட்டு ஓடினா வேற வண்டி முன்னாடி போய் நிப்பீங்க. நேரம் இருந்தா மெயின் கட்டிடத்துச் சுவர்ல 10:25லயே நிக்கிற கடிகாரத்தைப் பாருங்க, 1980 ஆகஸ்ட் 2ம் தேதி அந்த ஸ்டேஷன்ல குண்டு வெடிச்ச நேரம் அது, 85 பேர் செத்துப் போனாங்க.

பீசா, அங்கதான் ரீஜனல் ஜெயிக்குது. ஃப்ளோரன்ஸ்ல இருந்து ஒரு மணி நேரம்தான், அடிக்கடி வண்டி இருக்கு, முன்னாடியே புக் பண்ணவே தேவையில்ல, காலைல எழுந்து காபி குடிச்சிட்டு கிளம்பினா போதும். கோபுரம் பாக்க மட்டும்னா பீசா சென்ட்ராலேயை விட பீசா சான் ரொஸ்ஸோரே ஸ்டேஷன் கிட்ட, ஆனா எல்லா வண்டியும் அங்க நிக்காது, பாத்து ஏறுங்க. லூக்காவுக்கும் ரீஜனல்தான். சியேனா போறதா இருந்தா ட்ரெயினை விட்டுட்டு பஸ்ஸே எடுங்க, ஸ்டேஷன் மலைக்குக் கீழ இருக்கு, பஸ் ஊருக்கு உள்ளயே கொண்டு போய் விட்டுடும்.

ரீஜனல்ல ஒரே ஒரு ஆபத்து இருக்கு. பேப்பர் டிக்கெட் வாங்கினா ஏறுறதுக்கு முன்னாடி ஸ்டாம்ப் அடிக்கணும், பிளாட்ஃபாரத்துக்குப் போற வழில சுவத்துல சின்னதா ஒரு பெட்டி இருக்கும், டிக்கெட்டோட முனையை உள்ள விட்டுத் தள்ளினா டக்குனு தேதி, நேரம் அடிச்சுக் கொடுக்கும், அதுல இருந்து நாலு மணி நேரம் செல்லும். அடிக்காம ஏறினா நீங்க காசு கொடுத்து வாங்கின டிக்கெட்டா இருந்தாலும் அபராதம்தான், டூரிஸ்ட், தெரியாது, இதெல்லாம் எடுபடாது. அச்சு விழுந்திருக்கான்னு ஒரு தடவை பாத்துக்கோங்க, மை தீர்ந்து போய் வெத்துச் சத்தம் மட்டும் வர்ற பெட்டியும் உண்டு, அப்ப பேனாவால தேதி, நேரம், ஸ்டேஷன் பேரு எழுதிட்டு ஏறின உடனே கண்டக்டரைத் தேடிப் போய் நீங்களே சொல்லிடுங்க. மொபைல்ல வாங்கினா ஸ்டாம்புக்குப் பதிலா ஆப்லயே செக்-இன் பண்ணணும், அதையும் ஏறுறதுக்கு முன்னாடியே. ஹைஸ்பீடுக்கும் இன்டர்சிட்டிக்கும் இந்தத் தொல்லை எதுவும் இல்ல, தேதியும் நேரமும் டிக்கெட்லயே இருக்கே.

ஹைஸ்பீடுல நான் மாட்டின கதை வேற. ஃப்ளோரன்ஸ்ல மிலான் போக நின்னுட்டு இருக்கேன், சிவப்பா ஒரு வண்டி வந்துச்சு, மிலான்னு போட்டிருக்கு, டைமும் கிட்டத்தட்ட சரியா இருக்கு, ஏறி என் சீட்டு நம்பர்ல போய் உக்காந்துட்டேன். பத்து நிமிஷம் கழிச்சு டிக்கெட் செக் பண்றவர் வந்து என் மொபைலைப் பாத்துட்டு தலையை ஆட்டினார், என்கிட்ட இருந்தது ஒரு கம்பெனி டிக்கெட், நான் உக்காந்திருந்தது இன்னொரு கம்பெனி வண்டி. புது டிக்கெட், முழு ரேட்டு. தப்பு முழுக்க என்னோடதுதான், வேற யாரைச் சொல்ல. அதனால ஊர் பேரைப் பாத்து ஏறவே கூடாது, ட்ரெயின் நம்பரைப் பாருங்க. நீங்க ரோம்ல இருந்து ஃப்ளோரன்ஸ் போறப்ப போர்டுல ஃப்ளோரன்ஸ்னு தேடினா கிடைக்காது, அந்த வண்டி கடைசியா போய்ச் சேர்ற மிலானோ வெனிஸோதான் பெருசா போட்டிருக்கும். பிளாட்ஃபாரம் நம்பரும் பத்து பதினஞ்சு நிமிஷம் முன்னாடிதான் வரும், பினாரியோன்னு, அதாவது பிளாட்ஃபாரம்னு, தலைப்பு போட்டிருக்கிற வரிசையைப் பாருங்க, பக்கத்துல ரித்தார்தோன்னு இருந்தா லேட்டுன்னு அர்த்தம்.

இன்னொண்ணு, ஹைஸ்பீடுல ரொம்ப மலிவான டிக்கெட் எடுத்தா பணம் திரும்பக் கிடைக்காது, மாத்தறதுக்கும் கட்டுப்பாடு இருக்கு. ஏர்போர்ட்ல இறங்கின அன்னைக்கே எடுக்கற ட்ரெயினுக்கு அந்த மலிவு டிக்கெட்டைப் போடாதீங்க, ஃப்ளைட் லேட்டானா காசு போச்சு, மாத்திக்கிற மாதிரி டிக்கெட்டா எடுங்க. மத்த நாளுக்கு மலிவே போதும்.

இன்டர்சிட்டியைப் பத்தி யாரும் பேசறதில்ல, பாவம். ரோம் - நேப்பிள்ஸ் ஹைஸ்பீடுல ஒண்ணே கால் மணி நேரத்துக்குள்ள, இன்டர்சிட்டில ரெண்டு மணி நேரம், சீட்டும் நம்பர் போட்டுக் கிடைக்கும், கடைசி நேரத்துல எடுத்தாலும் ரேட்டு அவ்ளோ ஏறாது. சிசிலி வரைக்கும் போறதும் இந்த வகைதான், வில்லா சான் ஜொவான்னில ட்ரெயினைத் துண்டு துண்டாப் பிரிச்சு கப்பலுக்குள்ள தள்ளிக் கடலைத் தாண்டி மெசீனால இறக்குவாங்க, நீங்க மேல டெக்குக்குப் போய் நின்னு பாக்கலாம். உங்க பத்து நாள்ல இது அடங்காது, சும்மா ஆசைக்குச் சொன்னேன்.

கிளம்பறதுக்கு முன்னாடி நாள் ஷோப்பெரோன்னு ஏதாவது கண்ணுல படுதான்னு பாருங்க, அது ஸ்ட்ரைக், அங்க அடிக்கடி வரும், ஆனா முன்னாடியே அறிவிச்சிடுவாங்க. வேலை நாள்ல காலை 6ல இருந்து 9, சாயங்காலம் 6ல இருந்து 9 வரைக்கும் ரீஜனல் வண்டிங்களைக் கொஞ்சமாவது ஓட்டியே ஆகணும், அதுல பாத்துக்கலாம்.

ஆக, ரோம் - ஃப்ளோரன்ஸ், ஃப்ளோரன்ஸ் - வெனிஸ் ரெண்டுக்கும் ஹைஸ்பீடு டிக்கெட்டை இப்பவே எடுத்துடுங்க, பீசாவுக்கு அன்னைக்குக் காலைல பாத்துக்கோங்க. வெனிஸ்ல ரெண்டு ஸ்டேஷன், மெஸ்த்ரே தரைல இருக்கு, சாந்தா லூச்சியா தண்ணிக்கு நடுவுல தீவுல இருக்கு, ஆப்ல கடைசி பேரு சாந்தா லூச்சியாவான்னு பாருங்க. ஹோட்டல் மலிவா இருக்குன்னு மெஸ்த்ரேல போட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம், ரீஜனல் வண்டி அடிக்கடி இருக்கு, பத்துப் பன்னெண்டு நிமிஷத்துல கடல் மேல இருக்கிற பாலத்தைத் தாண்டிக் கொண்டு போய் விடும், ஸ்டாம்ப் மட்டும் மறந்துடாதீங்க.