பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கலாமா?

பெரும்பாலும் எடுக்கலாம். ஆனால் கண்ட இடத்தில் எடுக்கக் கூடாது. என் அம்மாவுக்கு எடுக்க அலைந்தபோது தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

இடுப்பில் தொடங்கிக் கால்வரை இழுக்கும் வலி. எலும்பு டாக்டர் எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார். பெரம்பூரில் வீட்டுக்குப் பக்கத்து ஸ்கேன் சென்டரில், பேஸ்மேக்கர் என்றதுமே “எடுக்க மாட்டோம் சார், சி.டி. எடுத்துக்குங்க” என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அங்கே இதய டாக்டர் கிடையாது, அவர்கள் மறுத்தது சரிதான்.

பீரோவைக் குடைந்து பேஸ்மேக்கர் கார்டைத் தேடி எடுத்தேன். 2019-ல் மாற்றிய பேட்டரிப் பெட்டி ‘எம்.ஆர்.ஐ. கண்டிஷனல்’ ரகம், அதாவது சில நிபந்தனைகளோடு எம்.ஆர்.ஐ. எடுக்கலாம் என்று அனுமதி பெற்றது. அப்பாடா என்றிருந்தது. இதய டாக்டர் கார்டைப் பார்த்துவிட்டு, “பெட்டி புதுசு, ஒயர் 2009-ல போட்டதாச்சே” என்றார். நான் ஏமாந்த இடம் இதுதான். பேட்டரி தீர்ந்தால் பெட்டியை மட்டும் மாற்றுவார்கள், இதயத்துக்குள் போகும் ஒயர், அதாவது லீடு, அப்படியே இருக்கும். ஸ்கேனரின் ரேடியோ அலைக்கு அந்த லீடு ஆன்டெனா மாதிரி. நுனி சூடாகி, ஒட்டியிருக்கும் தசையைச் சுட்டுவிடலாம். அதனால் பெட்டியும் லீடும் ஜோடியாகப் பொருந்தினால்தான் ‘கண்டிஷனல்’. அப்படிப்பட்ட முதல் ஜோடிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததே 2011-ல்தான்.

அப்போ அம்மாவுக்கு முடியாதா? முடியும் என்றார். 2017-ல் வெளிவந்த மேக்னாசேஃப் ஆய்வில், இந்த ரகம் அல்லாத கருவிகளோடு 1,500 ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். எல்லாம் 1.5 டெஸ்லா (காந்தத்தின் பலம்) மெஷினில், மார்புப் பகுதியைத் தவிர்த்து. ஸ்கேனின்போது ஒருவரும் இறக்கவில்லை, ஒரு லீடும் கெடவில்லை. ஒரே ஒரு டீஃபிப்ரிலேட்டரை (துடிப்பு தாறுமாறானால் ஷாக் கொடுக்க உடலுக்குள் வைக்கும் கருவி) உடனே மாற்ற வேண்டியதாயிற்று, அதுவும் ஸ்கேனுக்கு முன் முறைப்படி செட் பண்ணாமல் விட்ட கருவி. அந்த ஆய்வில் பெட்டியோடு இணைக்காமல் உள்ளேயே விட்டுவிட்ட பழைய லீடு இருந்தவர்களைச் சேர்க்கவில்லை. அம்மாவுக்கு அப்படி எதுவும் இல்லை என்று எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டார்கள்.

கடைசியில், இதயப் பிரிவும் ஸ்கேனும் ஒரே வளாகத்தில் உள்ள ஆஸ்பத்திரியில் எடுத்தோம். மெட்டி கழலாமல் சோப்பு போட்டு இழுத்தோம். தாலிச் சங்கிலியைக் கழற்ற அம்மா ஒப்பவே இல்லை. நர்ஸ் எங்கிருந்தோ ஒரு மஞ்சள் கயிறு கொண்டுவந்தார், அதைக் கட்டிக்கொண்ட பிறகுதான் சங்கிலி என் கைக்கு வந்தது. டெக்னீஷியன் தோள்பட்டைக்குக் கீழே கருவியின் மேல், வெளியிலிருந்தே அதன் செட்டிங்கை மாற்றும் புரோகிராமர் மெஷினை வைத்து, எது எப்படியானாலும் ஒரே வேகத்தில் துடிக்கும்படி மாற்றினார். “படபடன்னு இருக்குடா” என்றார் அம்மா. விரலில் ஆக்ஸிமீட்டர், நெஞ்சில் இ.சி.ஜி., வெளியே ஷாக் மெஷினோடு டாக்டர். ஸ்கேன் முடிந்ததும் பழைய செட்டிங்குக்குத் திருப்பி, லீடையும் பேட்டரியையும் சோதித்தார்கள். இது முடியாமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள்.

கார்டு தொலைந்திருந்தால், பேஸ்மேக்கர் வைத்த ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் சம்மரி கேளுங்கள். பெட்டி மாற்றியபோது கொடுத்தது மட்டும் போதாது, முதல் ஆபரேஷனுடையதும் வேண்டும். லீடின் மாடல் அதில்தான் இருக்கும்.