ஏற்றத்தில் ஜீப்புக்கு ஜாக் போடுவது: கேள்வி பதில்

தலவாக்கலையிலிருந்து: அண்ணே, லேண்ட் ரோவர் டிஃபென்டரின் பின் டயரைத் தூக்கினதும், ஹேண்ட்பிரேக் இழுத்திருந்தும் வண்டி கீழே நகர்ந்திருச்சு. லைனர் தேஞ்சிருச்சா?

லைனர்மேல் பழி போட வேண்டாம் தம்பி. பழைய டிஃபென்டரின் ஹேண்ட்பிரேக் டயரைப் பிடிப்பதே இல்லை. முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் பெட்டிக்குப் பின்னால் ஒரு டிரம் இருக்கும். அது பின் ஷாஃப்டைத்தான் பிடிக்கும். ஒரு பின் டயர் தரையை விட்டால், ஷாஃப்ட் நின்றபடி இருக்க, தூக்கிய டயர் ஒரு பக்கமும் மற்ற டயர் எதிர்ப்பக்கமும் சுழலும். டிஃபரென்ஷியலின் வேலையே அதுதான். கியர் நியூட்ரலில் இருந்தால் முன் டயர்களுக்கும் பிடிப்பு இருக்காது.

ஜாக்கை எடுக்கும் முன்பே, முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் ஒன்றாகப் பூட்டும் நடு டிஃப் லொக்கைப் போட்டு, வண்டியை ஓரடி நகர்த்துங்கள். நகராமல் பல் விழாது. விளக்கு எரிந்தால்தான் விழுந்ததாகக் கணக்கு. பிறகு ஹேண்ட்பிரேக், முதல் கியர், தரையில் நிற்கும் டயர்களுக்குப் பள்ளப் பக்கம் கட்டை. உருண்டைக் கல் வேண்டாம், ஈரத் தாரில் அதுவும் சேர்ந்து வழுக்கும்.

ஹட்டனிலிருந்து: டொயோட்டா ஹைலக்ஸுக்கும் இதே கதையா?

இல்லை, அதன் ஹேண்ட்பிரேக் பின் டிரம்களிலேயே பிடிக்கும். ஆனாலும் 4எல் (நாலு டயரும் இழுக்கும் லோ கியர்) போட்டுக் கியரில் விடுங்கள், முன் டயர்களும் சேர்ந்து பிடிக்கும். ஆட்டோ வண்டியில் டிரான்ஸ்ஃபர் லீவர் நியூட்ரலில் கிடந்தால் ‘பி’ போட்டும் பிரயோசனமில்லை.

மஸ்கெலியாவிலிருந்து: மழையில் தோட்டத்து ரோட்டில் ஜாக் மண்ணுக்குள் இறங்குது.

போத்தல் ஜாக்கின் அடி உள்ளங்கை அகலம்தான். ஒரு அடிச் சதுரம், இரண்டு அங்குலத் தடிப்பில் ஒரு பலகை வண்டியிலேயே கிடக்கட்டும். கான் (வடிகால்) ஓரத்தில் மட்டும் ஜாக் வைக்காதீர்கள். மேலே கெட்டியாகத் தெரிந்தாலும் அடியில் தண்ணீர் அரித்திருக்கும். சமதரை கிடைக்கும்வரை காற்றில்லாத டயரிலேயே மெதுவாக உருட்டிப் போங்கள். டயர் பாழாகும். பரவாயில்லை.

பலகையும் ஒரு பக்கம் சாய்ந்தால் இறக்கிவிட்டு மறுபடி வையுங்கள். சாய்ந்த ஜாக்கை மேலும் அடித்தால் நிமிராது, தெறிக்கும்.

பண்டாரவளையிலிருந்து: சேசிஸிலா, அக்ஸிலிலா வைக்கணும்?

பின்னால் முழு அக்ஸில் உள்ள வண்டிக்கு அக்ஸிலில், டயருக்குக் கிட்ட, ஸ்பிரிங் உட்காரும் இடத்தருகே. அக்ஸிலின் நடுவில் டிஃபரென்ஷியல் இருக்கும் உருண்டையில் வேண்டாம். சேசிஸில் வைத்தால் ஸ்பிரிங் முழுதும் நீளும்வரை உடம்புதான் உயரும், டயர் தரையிலேயே கிடக்கும்; அவ்வளவு உயரத்தில் வண்டி ஆடும். ஹைலக்ஸ் மாதிரி தனித்தனிச் சஸ்பென்ஷன் உள்ள முன்பக்கத்துக்குக் கைநூல் காட்டும் இடம் மட்டும்.

தூக்கியதும் ஸ்பேர் வீலைச் சேசிஸுக்கு அடியில் படுக்க வையுங்கள். ஜாக் நழுவினாலும் வண்டி அதன்மேல் விழும், உங்கள்மேல் அல்ல. வீலை மாற்றும்போது கழற்றியதை அங்கே தள்ளிவிட்டு ஸ்பேரை எடுங்கள்.

கம்பளையிலிருந்து: போத்தல் ஜாக் அடிக்க அடிக்க இறங்குது.

வால்வை வலப்பக்கம் இறுக்கிப் பாருங்கள். பிறகும் இறங்கினால் எண்ணெய் குறைவு, காற்று, அல்லது சீல். அதை நம்பி வண்டியைத் தூக்காதீர்கள்.

நுவரெலியாவிலிருந்து: நட்டை எப்போது தளர்த்தணும்?

டயர் தரையில் இருக்கும்போதே, அரைச் சுற்று. பழைய டிஃபென்டருக்கு 27 மில்லிமீட்டர் சொக்கெட், ஹைலக்ஸுக்கு 21. பூட்டும்போது எதிரெதிராக இறுக்குங்கள். ஐந்து நட்டென்றால் ஒன்று விட்டு ஒன்று. கடைசி இறுக்கம் டயர் தரையில் உட்கார்ந்த பிறகு. ஸ்பேனரில் ஏறி மிதித்தால் ஸ்டட் முறியும். 50 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். டிஃப் லொக்கை எடுத்துவிட்டுத்தான் தார் ரோட்டில் ஓட வேண்டும்.